ஹாதர்பி கிராமத்தின் காணாமற்போன ராணி

உ

செவன் ஹில்ஸ், சிட்னி.
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அக்கா சந்திரவதனா அவர்களின் சமூகத்துக்கு,

தம்பி மகேந்திரராஜா பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தாட்சாயினியும் மகள் லக்சிகாவும் முருகன் கிருபையால் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அவ்விடத்துச் சுகத்தைத் தங்களிடமே கேட்டறிய எத்தனையோ தடவை ரெலிபோன் எடுத்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்சப்பில் செய்தி அனுப்பினால் நீலக்குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. கடைசியில் மெல்பேர்ணுக்கு எடுத்து அத்தானிடம் விசாரித்தேன். "அவ நல்ல சுகம். உன்ரை பேரைச் சொன்னால்தான் பிறஷர் ஏறுது" என்றார். ஆகவே பிறஷர் ஏறாத வழியென்று எண்ணி, முப்பது வருஷத்துக்குப் பிறகு பேனை பிடித்துக் கடதாசியில் எழுதுகிறேன். கையெழுத்து விளங்காவிட்டால் அத்தானை வாசிக்கச் சொல்லாதீர்கள். இதை அவர் அறியக்கூடாது.

முதலில் மாசி மாதத்து விஷயம். பொயிண்ட் குக் மண்டபத்தில் தங்கள் பேரனின் பிறந்தநாளன்று தாங்கள் மைக்கைப் பிடித்து, நாங்கள் சின்னனில் இருந்த இங்கிலாந்துக் கிராமத்தைப்பற்றி அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "எங்கடை வீட்டுக் கதவளவுக்கு ஸ்னோ கொட்டிக் கிடந்தது" என்றீர்கள். நான் ஆறாம் மேசையிலிருந்து, "இல்லை, முழங்காலளவு! அக்காவுக்கு எல்லாம் மாறிப்போச்சு!" என்று கத்தினேன். சபை சிரித்தது. தாங்கள் மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனீர்கள். அன்றைக்கு மூடிய வாய் இன்றுவரை என்னோடு திறக்கவில்லை. அக்கா, நான் செய்தது பிழைதான். முழங்காலளவு என்பது சரி, கத்தினது பிழை. ஆனாலும் நாங்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நான் இடுப்புவரை வரத் தயாராக இருக்கிறேன். ஏன் இவ்வளவு தாராளம் என்று தாங்கள் யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குத் தாங்கள் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

பென்சன் எடுத்த பிறகு ஒரு மனிசன் வீட்டில் என்ன செய்கிறது? தாட்சாயினி என்னைக் குசினிக்குள் விடுகிறாள் இல்லை. போன வருஷம் பேஸ்புக்கில் 'ஹாதர்பி அன்றும் இன்றும்' என்று ஒரு குழுவைக் கண்டேன். எங்கடை ஹாதர்பியேதான் அக்கா, லிங்கன்ஷயரில் அப்பா ஆஸ்பத்திரியில் வேலை செய்த அந்த ஊர்! நானூறு பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் என் வயது அல்லது அதற்கு மேல், எல்லோரும் நாள் முழுக்கச் சண்டை. பாண் கொண்டுவந்தவருக்குச் சைக்கிளா வானா, குளம் எந்தப் பக்கம், வாத்து எத்தனை. அப்போது தண்ணீர்ப் பம்ப் இறைச்சிக் கடைக்கு முன்னாலா, சின்னத் தேவாலயத்துக்கு முன்னாலா என்று ஒரு பெரிய பிரச்சினை கிளம்பியது. முப்பது வருஷம் இந்த நாட்டில் தண்ணீர்க் குழாயோடு மாரடித்தவன் பார்த்துக்கொண்டிருக்கலாமா? அளவுத்திட்டத்தோடு வரைபடம் கீறிப் போட்டேன், சாய்வு உட்பட. இறைச்சிக் கடைக் கட்சி ஜெயித்தது. அன்றிலிருந்து எந்தத் தகராறென்றாலும் "மிஸ்டர் மகேனிடம் கேளுங்கள், அவருக்கு யானை ஞாபகம்" என்பார்கள். நாங்கள் அங்கே இருந்தது இருபத்திரண்டு மாதம் என்பதையும், வெளிக்கிடும்போது எனக்கு நாலரை வயது என்பதையும் நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இப்படி மதிப்பும் மரியாதையுமாக இருந்தவனுக்குப் போன மாதம் வந்தது வினை. குழுவின் காரியதரிசி மோரீன் என்கிற அம்மா ஒரு படம் போட்டா. கிராமத் திருவிழா, 1965 ஆனி மாதம். பூச்சோடித்த வண்டில், அதன் நடுவில் ஒரு சிம்மாசனம், அதிலே பட்டுப் பாவாடையும் சட்டையும் போட்டு, இரட்டைப் பின்னல் தொங்க, பொட்டும் மையும் வைத்துக்கொண்டு, தலையில் மகுடத்தோடு ஒரு கறுத்தக் குட்டி இருக்கிறது. கீழே, "எங்கள் ஊரின் றோஜா ராணிகள் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டோம், இந்த ஒருத்தியைத் தவிர. பெயர்ப் பட்டியலில் 'சந்திரா, சிலோன்' என்று மட்டும் இருக்கிறது. இந்த அழகான சிறுமி எங்கே இருக்கிறாள்? யாருக்காவது தெரியுமா?" என்று எழுதியிருந்தா. லக்சிகா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஹூ இஸ் திஸ்? இந்தப் பிள்ளைக்கு உங்கடை காது!" என்றாள். எனக்குக் கையிலிருந்த பிளேன்ரீ மடியில் ஊற்றுண்டது.

தங்களுக்குத் தெரியாததா அக்கா. தெரியாத மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். எனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டேன் என்றிருந்தபோது, "சந்நிதி முருகா, உன்ரை வாசலிலை வந்துதான் இவன்ரை முடியை இறக்குவன்" என்று அம்மா நேத்தி வைத்தா. பிறகு அப்பாவுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது, முடியும் எங்களோடு கப்பலேறி வந்து இடுப்புவரை வளர்ந்தது. குளிருக்கும் கண்ணூறுக்கும் பயந்து அம்மா அதைக் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டியே வைத்திருந்ததால், டொக்டரின் மகனுக்கு அப்படியொரு முடி இருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. திரும்பச் சிலோனுக்குப் போக ஒரு மாதம் இருக்கையில் அம்மாவுக்கு அடுத்த ஆசை வந்தது. மொட்டை அடிக்க முன்னம் பெடியனுக்குப் பொம்பிளைப்பிள்ளை வேஷம் போட்டுப் படம் எடுக்கவேண்டும். எங்கள் ஆட்களில் எந்த வீட்டு அல்பத்தைத் திறந்தாலும் அப்படி ஒரு படம் இருக்கும், வீட்டுக்குள் இருக்கும்வரை அது ஒரு குற்றமுமில்லை. தங்களுடைய பட்டுப் பாவாடையை எனக்கு உடுத்தி, தலைபின்னி, பஸ் பிடித்து ரவுனில் ஸ்ரூடியோவுக்குப் போக என்று அம்மா வெளிக்கிட்டா. பஸ்ஸுக்கு ஊர்ப் புல்வெளியைக் கடக்கவேண்டும். அன்றைக்குப் பார்த்து அங்கே திருவிழா!

தாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பூக்கூடை வைத்துக்கொண்டு அங்கே நின்றீர்கள். ராணியாக இருக்கவேண்டிய பத்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் கூகைக்கட்டு வந்து, கன்னம் இரண்டும் வீங்கி முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைதான் இந்த மோரீன். ராணி இல்லாத வண்டிலைச் சுற்றிப் பாதிரியாரின் மனைவி அழாக்குறையாக ஓடித்திரிகிறா, அந்த நேரம் பார்த்து அம்மா பட்டுச் சரசரக்க என்னைக் கையில் பிடித்துக்கொண்டு புல்வெளியில் இறங்குகிறா. பிறகென்ன, என்னை அப்படியே தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்துப்போட்டார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. "பிள்ளை, இது பெடியன் எண்டு சொல்லு" என்று தங்களிடம் சொன்னா. பாதிரியாரின் மனைவி குனிந்து, "இவள் பெயர் என்ன?" என்று தங்களிடம் கேட்டா. எட்டு வயதுச் சந்திரவதனா என்ன சொன்னீர்கள்? "சந்திரா" என்றீர்கள். தம்பிக்குக் கிடைத்த மகுடத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டீர்கள் அக்கா! பொறாமை. அறுபது வருஷமாக நான் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் பேசவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான். அந்த நேரம் அப்பா என்ன செய்தார் என்றால், பந்தெறிந்து தேங்காய் விழுத்தும் கடையில் நின்று, "தேங்காயை ஒரு பரிசெண்டு வைச்சிருக்கிறாங்களே" என்று சிரித்துக்கொண்டே மூன்று தேங்காய் வென்றார். அன்றிரவு மாதக்கணக்குக்குப் பிறகு வீட்டில் சம்பல். ஒருவருக்கும் என்னுடைய மானத்தைப்பற்றிக் கவலை இருக்கவில்லை.

ஆக, படத்தைக் கண்ட பதற்றத்தில் நான் எழுதிப்போட்டேன், "அது என் மூத்த சகோதரி சந்திரா" என்று. பொய்யென்று சொல்லமுடியாது, பட்டியலிலும் தங்கள் பெயர்தானே இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் நூறு இதயம் விழுந்தது. மோரீன் அம்மா ஆனந்தக்கண்ணீர் என்று எழுதினா. கிராமத்தைப்பற்றி ஒரு சரித்திரப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம், அட்டையில் இந்தப் படம்தானாம், மண்டபத்துச் சுவரில் ராணிகளின் பெயர்ப்பலகையும் திறக்கிறார்களாம். "உங்கள் சகோதரியிடம் நாங்கள் பேசவேண்டும்" என்றா. அவவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னேன். பத்து நாளில் செவன் ஹில்ஸுக்கு ஒரு வாழ்த்தட்டை வந்தது, 'விரைவில் நலம்பெறுக, மகாராணி' என்று, நாற்பத்தொரு பேர் கையெழுத்து வைத்து. ஒரு கிழவர் தேன் போத்தலும் அனுப்பியிருந்தார். அதைச் சுங்கத்தில் மறித்துவிட்டு, எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை வாசித்துத்தான் தாட்சாயினிக்கு விஷயம் தெரியவந்தது. அவள் படத்தை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "மச்சாளுக்கு இப்பிடிக் கண் இல்லையே, இது எங்கையோ பார்த்த முழியா இருக்கு" என்று என் முழியைப் பார்த்தாள். நான் கார் கழுவப் போய்விட்டேன், மழை தூறிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்ததா? பக்கத்து வீட்டுச் சடகோபனை நீங்கள் அறிவீர்கள், தஞ்சாவூர்க்காரர், பாங்கில் மனேஜராக இருந்தவர், ரகசியம் என்று சொன்னால் மட்டும் கட்டாயம் பரப்புவார். வேலிக்கு மேலால், "சார், உங்க அக்கா இங்கிலாந்துல ராணியாமே! சொல்லவே இல்லையே நீங்க!" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலில் அர்ச்சனை வரிசையில் நிற்கிறேன், யோகா அன்ரி முன்னாலிருந்து திரும்பி, "தம்பி, கொக்காவுக்கு அரண்மனையிலையிருந்து இன்னும் ஏதும் வருமோ?" என்று கேட்கிறா. நான் என்ன சொல்ல? "ஓம் அன்ரி, நத்தாருக்கு வாழ்த்துக் காட் வரும்" என்றேன். சந்நிதானத்தில் நின்று சொன்ன பொய், அதுவும் என் முடியை வாங்கின முருகனுக்கு முன்னால். இப்போது தமிழ் வானொலிக்காரர் தங்கள் நம்பரைக் கேட்டுத் துளைக்கிறார்கள். கொடுக்கவில்லை. கொடுத்தாலும் நீங்கள் எடுக்கப்போவதில்லை என்பது ஒரு ஆறுதல்.

உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். அக்கா, ஆவணி மாதம் பழைய மாணவர் இராப்போசனத்தில் நான் பிரதம விருந்தினர். பேச்சுக்கு அவர்கள் தந்த தலைப்பு 'நிமிர்ந்த ஆண்மகன்'. அந்த மேடைக்குப் பின்னால் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். என் வகுப்புக் கூட்டாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரட்டைப் பின்னலோடு நான் அந்தத் திரையில் ஏறினால் பிறகு நான் மற்றக் கரையிலுள்ள பேர்த்துக்குத்தான் குடிபெயரவேண்டும்.

செய்யவேண்டியது மிகவும் சுலபம். சனிக்கிழமை ஏழு மணிக்கு, அவர்களுக்கு அப்போது காலை பத்து, ஹாதர்பிக்காரரின் சூம் கூட்டத்தில் தாங்கள் வந்திருந்து சிரிக்கவேண்டும். பச்சைச் சேலை நல்லது, படத்திலுள்ள பாவாடையும் பச்சை என்று நினைக்கிறேன், கறுப்பு வெள்ளைப் படமென்றாலும் எனக்கு ஞாபகமிருக்கிறது. மோரீன் அம்மா ஏதாவது கேட்டால் ஓம் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் கதைக்கிறன். காதுக்கு மேலாலை தலைமயிரை இழுத்து விடுங்கோ, உங்கடை காது சின்னன். ஸ்னோவைப் பற்றி ஆரும் கேட்டால் கதவளவு எண்டே சொல்லுங்கோ, நான் பேசாமல் இருக்கிறன், வேணுமெண்டால் கூரையளவு எண்டாலும் தலையாட்டுறன். அக்கா, நீங்கள் மூண்டு மாசம் பூக்கூடையோடை நடந்து பழகினது எனக்குத் தெரியும். ராணியாக வர நீங்களும் ஆசைப்பட்டிருப்பியள்தானே. இப்ப சும்மா கையிலை வருகுது, எடுத்துக்கொள்ளுங்கோ. உங்களுக்கு மகுடம், எனக்கு மானம். நீங்கள் வராவிட்டால் நானூறு வெள்ளைக்காரருக்கு முன்னாலை நான் பொய்யன். பம்ப் விஷயத்திலை தோத்த கட்சி இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கு.

அத்தானுக்கு என் வணக்கம். மருமக்களுக்கும் பேரனுக்கும் சகல சௌபாக்கியமும் பெருகச் சந்நிதியான் துணைநிற்பானாக. தாட்சாயினி தங்கள் முழங்கால் வலியை விசாரித்தாள். இக்கடிதத்தை வாசித்ததும் கிழித்து, மஞ்சள் மூடிக் கடதாசி வாளியில் அல்லாமல் சிவப்பு மூடிக் குப்பை வாளியில் போடவும். கடதாசி எடுப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கக்கூடும்.

இங்ஙனம், 
தங்கள் ஆசியையும் சனிக்கிழமையையும் வேண்டி நிற்கும், 
தம்பி மகேந்திரராஜா

பி.கு.: அக்கா, மேலே எழுதிய எதையும் வாசிக்கவேண்டாம்.

கடித உறையை ஒட்டுகிற நேரம் லக்சிகா வந்தாள். "அப்பா, போஸ்ற் பண்ண முதல் இதைப் பாருங்கோ, ப்ளீஸ்" என்று தன் போனை நீட்டினாள். அவள் மோரீன் அம்மாவுக்குத் தனியாக எழுதி, "அது என் அப்பாவா?" என்றே கேட்டுவிட்டாளாம். மோரீன் அம்மாவின் பதில் அதில் இருந்தது. அந்தப் படம் ஹாதர்பியில் கிடைத்ததல்ல, பங்குனி மாதமே சந்திரவதனா என்கிறவ மெல்பேர்ணிலிருந்து அனுப்பியது, அது தன் தம்பி என்றும் அவவே எழுதியிருந்தா என்று போட்டிருந்தா. பனி எவ்வளவு கொட்டியது என்று அல்பத்தில் தேடப்போய்த்தான் அந்தப் படத்தை எடுத்தீர்களாமே. (ஆஸ்பத்திரிப் பக்கம் காற்று அள்ளிக் குவித்து அந்த வருஷம் கதவளவுதானாம். மோரீன் அம்மா எழுதியிருக்கிறா. அப்ப என்ரை முழங்காலளவு கொட்டினது எந்தப் பனி என்று எனக்கே தெரியவில்லை.) ஆகவே நான் "என் மூத்த சகோதரி" என்று எழுதின அன்றைக்கே குழுவில் பாதிப்பேருக்கு உண்மை தெரியும். நானாகச் சொல்லட்டும் என்றுதான் மோரீன் அம்மா தெரியாத மாதிரி 'எங்கே இருக்கிறாள்' என்று கேட்டிருக்கிறா, மற்றவர்களும் மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வாழ்த்தட்டையின் உறையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன், 'மகாராணி மகேந்திரராஜா' என்றே விலாசம் எழுதியிருக்கிறது.

நீங்கள் இங்கிலீஷில் எழுதியதையும் மோரீன் அம்மா அனுப்பியிருந்தா. லக்சிகா வாசிக்க வாசிக்க நான் கேட்டேன். "என் தம்பி வண்டிலில் ஏறமாட்டேன் என்று அழுதான். அக்கா பக்கத்தில் நடந்தால்தான் என்றான். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஊர்வலம் முடியும்வரை சில்லுக்குப் பக்கத்தில் அவன் காலைப் பிடித்தபடி நடந்தேன். மகுடத்தை வைத்ததும் சிரித்தான். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அம்மா அதைப் பார்த்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. ஆண்பிள்ளை என்று நான் சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார்கள். அதனால் என் பெயரைக் கொடுத்தேன்."

லக்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். நான் ஓகே இல்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவாறன். வெள்ளிக்கிழமைப் பிளேனுக்கு ரிக்கற் போட்டாச்சு. சனிக்கிழமை சூமிலை நான்தான் ராணி எண்டு நானே சொல்லுறன், நீங்கள் பக்கத்திலை இருந்தால் எனக்கு அதுவே காணும். பழைய மாணவர் சங்கத்துக்கும் படத்தை அனுப்பிப்போட்டன், அவங்கள் சிரிக்கட்டும். பம்ப் எங்கை இருந்தது எண்டு எனக்கு உண்மையிலை தெரியாது. அழுததும் ஞாபகமில்லை, சிரிச்சதும் ஞாபகமில்லை, நீங்கள் என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தது துப்பரவாய் ஞாபகமில்லை அக்கா. முதலிலை இருந்து சொல்லுங்கோ. நான் இடையிலை கதைக்கமாட்டன்.